ரோடு போகும் வழியும் வடிகால் போகும் வழியும்

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். வேளாண்மை படித்துவிட்டு, சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு செய்கிற கம்பெனிகளுக்குப் பல வருடம் களப்பணி பார்த்தேன். ரோடு, துணை மின்நிலையம், தொழிற்பேட்டை என்று ஏதாவது ஒரு திட்டம் வரும். நிலம், பயிர், மரம், குடும்பம் எல்லாவற்றையும் கணக்கெடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது நிலமெடுப்பு நோட்டீஸ் வந்தால், "தம்பி, இதைக் கொஞ்சம் பாரு" என்று காகிதக் கட்டோடு வந்துவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் என் மாமா ஊர் வழியாக நான்கு வழிப் புறவழிச்சாலை வருவதாகச் செய்தி வந்தது. அதன் அறிக்கையை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து படித்து, வயலில் இறங்கிச் சரிபார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். திட்டத்தின் பெயரும் அறிக்கை எழுதிய கம்பெனியின் பெயரும் வேண்டாம்.

எந்த அறிக்கையிலும் நிலப் பயன்பாட்டு அட்டவணை ஒன்று இருக்கும். நன்செய் இத்தனை ஹெக்டேர், தென்னந்தோப்பு இத்தனை, புறம்போக்கு இத்தனை, வன நிலம் இல்லை. எல்லோரும் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மாமா ஊர் அறிக்கையிலும் அந்த அட்டவணையில் பொய் எதுவும் இல்லை. சர்வே எண்களைக் கூட்டிப் பார்த்தோம், சரியாகவே வந்தது. ஆனால் அது ரோட்டின் அகலத்துக்கு உள்ளே இருக்கிற நிலத்தை மட்டும் எண்ணுகிறது. டெல்டாவில் பாதிப்பின் பெரும்பகுதி அந்த அகலத்துக்கு வெளியேதான் இருக்கும்.

ஏன் என்று புரிய, சரிவைக் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். அங்கிருந்து 80 கிலோமீட்டர் கிழக்கே நாகப்பட்டினம், கடற்கரை. சராசரி எடுத்தால் கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் இறக்கம். கடைமடைக்கு வரவர அதுவும் குறைந்துகொண்டே போகும். இந்தச் சமதளத்தில் ஆறேழு அடி உயரத்துக்கு மண் கொட்டி ரோடு போட்டால், அது யாரும் பெயர் வைக்காத ஓர் அணை. மழைத் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கும், பாசனத் தண்ணீர் மறுபக்கம் போகாது. தண்ணீர் போக ரோட்டுக்கு அடியில் வைக்கிற கல்வெர்ட்டுகள்தான் அதன் மதகு.

அதனால் நான் அறிக்கையைத் திறந்ததும் முதலில் தேடுவது ரோட்டின் திசையை. காவிரியும் அதன் கிளைகளும் மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. வெண்ணாற்றுப் பிரிவில் கோரையாறு, பாமணியாறு போன்றவை தெற்கும் தென்கிழக்குமாகத் திரும்புகின்றன. ஆற்றோடு சேர்ந்தே போகிற ரோடு பத்து கிலோமீட்டர் போனாலும் சில வாய்க்கால்களைத்தான் வெட்டும். ஆற்றுக்குக் குறுக்கே போகிற ரோடு இரண்டு கிலோமீட்டரிலேயே பாசன வாய்க்கால், வடிகால் என்று வரிசையாக வெட்டிக்கொண்டு போகும். அறிக்கையில் மாற்றுப் பாதை மூன்று காட்டி ஒப்பிட்டிருந்தார்கள். நீளம், செலவு, இடிபடும் வீடு, எடுக்கும் நிலம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. எந்தப் பாதை எத்தனை வடிகாலைக் குறுக்கே வெட்டுகிறது என்பதற்குக் கட்டம் இல்லை. அதை நாங்களே கிராம வரைபடத்தில் பென்சிலால் குறித்துப் பார்த்தோம். குறைந்த நிலம் எடுக்கிற பாதைதான் அதிக வடிகாலை வெட்டியது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊர்க்கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும். "நம்ம ஊரு வேளாண் மண்டலம் ஆயிடுச்சே, எப்படி ரோடு வரும்?" என்று யாராவது கேட்பார்கள். 2020-ல் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தடுப்பது குறிப்பிட்ட தொழில்களை. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய் எரிவாயுவுக்காகப் புதிதாகத் துளையிடுவது போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. ரோடு, துறைமுகம், குழாய், மின்பாதை, குடிநீர்த் திட்டம் ஆகியவற்றை அது தடுக்கவில்லை. அடுத்து, 2013-ம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவைச் சொல்வார்கள். பாசன வசதியுள்ள பலபோக நிலத்தைக் கடைசி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்கிறது அது. நல்ல பிரிவுதான். ஆனால் ரயில் பாதை, நெடுஞ்சாலை, கால்வாய், மின்பாதை போல நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கு அது பொருந்தாது என்று அதே பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இந்த இரண்டையும் நம்பி மேடை ஏறினால் அதிகாரி ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

பிடித்துக்கொள்ள வேறு இரண்டு இடம் உண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்கப்போவதைத் தெரிவிக்கும் 3ஏ அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டமாக இருந்தால் 2006-ம் ஆண்டு அறிவிக்கைப்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எல்லா ரோட்டுக்கும் இந்தக் கூட்டம் வராது. புதிய தேசிய நெடுஞ்சாலைக்கு வரும். இருக்கிற நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதென்றால், 2013-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடுதல் அகலமும் இருந்தால்தான் அனுமதியே தேவை. ஆகவே முதலில் உங்கள் திட்டம் எந்த வகையில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். மாமா ஊர்த் திட்டத்துக்குக் கூட்டம் இருந்தது.

சரி, நிலத்துக்கு வருவோம். ஆய்வுக் கம்பெனிகள் செயற்கைக்கோள் படம் வாங்கித்தான் நிலத்தைப் பிரிக்கிறார்கள். மேகம் இல்லாத படம் வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து மே வரையிலான படத்தை எடுப்பார்கள். அப்போது டெல்டாவில் என்ன இருக்கும்? சம்பா, தாளடி அறுப்பு முடிந்திருக்கும். அறுப்புக்குச் சில நாள் முன் ஈரத்தில் தெளித்த உளுந்தோ பயறோ சில வயலில் இருக்கும், அதையும் எடுத்துவிட்டால் அறுத்த நெல்தாள்தான். படத்தில் அது 'தற்காலத் தரிசு' என்று விழும். மாமாவின் வயலும் தரிசாகத்தான் இருந்தது. அவர் அந்தப் படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம வயலு தரிசாய்யா?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு மாற்று, அடங்கல். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் வாரியாக எந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று இருக்கும். ஆனால் ஒரே ஒரு பசலியை (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்த்துறைக் கணக்கு வருடம்) எடுத்துவிட்டு முடித்துவிடக் கூடாது. மேட்டூர் அணையை எப்போது திறந்தார்கள் என்பதைப் பொறுத்து அதே வயல் ஒருபோகமாகவும் இருபோகமாகவும் தெரியும். 2012-லிருந்து 2019 வரை ஒரு வருடம்கூட வழக்கமான நாளான ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. 2012-ல் செப்டம்பரில்தான் திறந்தார்கள். ஆற்றுப்பாசனத்தை மட்டும் நம்பிய ஊர்களில் அந்த வருடம் முதல் போகமான குறுவையே இல்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், குறுவை எங்கும் நட்டார்கள். 1422-ம் பசலி (2012-13) அடங்கலையும் 1432-ம் பசலி (2022-23) அடங்கலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு ஊர்போல இருக்கும். நாங்கள் தண்ணீர் நன்றாக வந்த வருடங்களையும் வராத வருடங்களையும் சேர்த்து எடுத்தோம், ஆழ்குழாய் உள்ள சர்வே எண்களைத் தனியாகக் குறித்தோம். அப்படி எடுத்தால்தான் நிலத்தின் தன்மை எது, அந்த வருடத்துத் தண்ணீரின் தன்மை எது என்று பிரியும். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். ஜனவரிப் படம் ஒன்று கிடைத்தால் அச்சிட்டு மனுவோடு இணைத்துவிடுங்கள், பச்சை நிறம் தானாகப் பேசும்.

தென்னையில் வேறொரு சிக்கல். 2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் சில இடங்களில் இப்போதுதான் பாளை விட்டு நிற்கின்றன. கணக்கெடுக்க வந்தவர் 'இளம் கன்று' என்று எழுதிவிட்டுப் போனால், நிலம் எடுக்கும் நேரத்தில் காய்ப்புக்கு வந்த மரம் காகிதத்தில் கன்றாகவே நிற்கும். கணக்கெடுப்புத் தேதியையும் நிலமெடுப்புத் தேதியையும் ஒப்பிட்டு, மறுகணக்கெடுப்புக் கேளுங்கள். அதோடு, மரங்களை எண்ணும்போது கூடவே நடந்து போங்கள். வேலியோரத்துப் பனைகளை விட்டுவிட்டுப் போவது நான் பல இடத்தில் பார்த்தது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்த பிறகும் அந்த அலட்சியம் போகவில்லை.

இனி வடிகால். நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான்.

கிராமக் கணக்கில் எல்லாம் 'வாய்க்கால் புறம்போக்கு' என்றுதான் இருக்கும். எது பாசனம், எது வடிகால் என்று, சர்வே எண் வாரியாக நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட முக்கியம், பட்டா நிலத்துக்குள் வயல்விட்டு வயல் பாய்கிற தண்ணீர் எந்தப் படத்திலும் இல்லை. டெல்டாவில் கன்னி வாய்க்கால் என்கிற கடைசிச் சிறு வாய்க்கால் முதல் வயலோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருக்கிற நாலைந்து வயலும் வரப்பு வாய் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாங்கிக்கொள்ளும். ரோடு முன் வயலை எடுத்துக்கொண்டால் பின் வயல்களுக்கு நிலம் போகவில்லை, தண்ணீர் போய்விடும். அந்த வயல்காரர்களுக்கு நோட்டீஸும் வராது, இழப்பீடும் வராது. மாமா ஊரில் 'பாதிக்கப்படும் குடும்பங்கள்' பட்டியலில் இல்லாத இந்தப் பின் வயல்காரர்களை, வயல் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தைத் தரையில் விரித்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதினோம். பட்டியலில் இருந்தவர்களைவிட இவர்கள் அதிகம்.

வடிகாலைப் பார்க்க ஊர்ப் பெரியவர் ஒருவரும் நீர்வளத்துறையில் மதகு, வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரும் வந்தார்கள். எந்த மதகு எந்த மழைக்கு மூழ்கும், எந்த இடத்தில் தண்ணீர் பின்னோக்கி ஏறும் என்று லஸ்கர் அண்ணனுக்கு மனப்பாடம். ரோட்டின் மையக்கோட்டுக் கல் நட்டிருந்த இடத்தில் ஒரு வடிகாலைக் காட்டி, "இங்க குழாய்தானே போடப் போறாங்க? போட்டா ஆகாயத்தாமர ஒரே மழையில வந்து அடைச்சுக்கும். அப்புறம் மனுசந்தான் உள்ள பூந்து எடுக்கணும்" என்றார். அவர் சொன்னது அப்படியே வடிவமைப்புப் பிரச்சினை. குழாய்க் கல்வெர்ட்டைப் பொறியாளர்கள் ஓடும் தண்ணீரின் அளவை வைத்து வடிவமைக்கிறார்கள். எங்கள் வடிகால்களில் தண்ணீரோடு ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வைக்கோலும் சேர்ந்து வரும். பெட்டி போலச் சதுரமாகக் கட்டும் பெட்டிக் கல்வெர்ட் என்றால் பொக்லைன் கையை நீட்டி இழுத்துவிடலாம். குழாயில் அது முடியாது.

அடுத்தது மட்டம். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிற கண்ணாடி டியூபை வாங்கி, தண்ணீர் நிரப்பி, வடிகாலின் அடியையும் பக்கத்து வயலையும் அறிக்கை வரைபடத்தில் குறித்திருந்த கல்வெர்ட்டின் அடிமட்டத்தையும் ஒப்பிட்டோம். வரைபடத்தில் உயரங்கள் கடல் மட்டத்திலிருந்து கொடுத்திருப்பார்கள். அதைக் களத்தோடு இணைக்க ஓர் ஆதாரப் புள்ளி வேண்டும். பக்கத்து ரெகுலேட்டரின் (ஆற்றுத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் மதகு அமைப்பு) அடிமட்டம் நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும், அங்கிருந்து டியூபை நகர்த்திக்கொண்டே வரலாம். பொறுமை வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் கணக்குத் தப்பாகும். ஒரு வடிகாலில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. கம்பெனி அளந்தபோது வடிகால் தூர்ந்து கிடந்திருக்கிறது. அந்தத் தூர்ந்த மட்டத்தையே அடிமட்டமாக வைத்துக் கல்வெர்ட்டை வரைந்துவிட்டார்கள். பிறகு தூர்வாரினால் வடிகால் ஒரு முழம் கீழே போகும், கல்வெர்ட்டின் கான்கிரீட் அடி மேலேயே நிற்கும். அதாவது அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு தடுப்பு. எத்தனை வருடம் தூர்வாரினாலும் அதற்கு மேல்பக்கத்து வயல்களில் ஒரு முழத் தண்ணீர் வடியாது. உங்கள் ஊர் அறிக்கையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், இதைக் கேளுங்கள்: கல்வெர்ட் அடிமட்டம் தூர்வாரிய மட்டத்தை வைத்தா, தூர்ந்த மட்டத்தை வைத்தா?

எந்த மாதத்தில் அளந்தார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு இருந்தால் ஆய்வுக்குப் போதும் என்பது நடைமுறை. வடநாட்டு ஆறுகளுக்கு அது எப்படியோ, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடிகால்தான் உயிர் என்று இருக்கிற டெல்டாவுக்கு இந்த விதி பொருந்தவே இல்லை என்பது என் கருத்து. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்தது. ஏப்ரலில் காய்ந்த வாய்க்காலைப் படமெடுத்தவருக்கு அந்த நாள் எப்படித் தெரியும்? விதியை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் நவம்பரில் நாமே படம் எடுக்கலாம். 2008 நிஷா, 2020 புரெவி ஆகிய புயல்களின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று கோயில் சுவரிலும் பம்ப்செட் கொட்டகையிலும் கறை இருக்கும், வயதானவர்கள் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கறைகளின் உயரத்தையும் அதே டியூபால் அளந்து, இடம், சர்வே எண், வெள்ளம் வந்த வருடம் மூன்றையும் எழுதி மனுவில் சேர்த்தோம். கூட்டத்தில் அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்தப் பக்கத்துக்குத்தான்.

அடங்கலில் இல்லாதவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெல்டாவில் கோயில், மடத்து நிலம் அதிகம். குத்தகைப் பதிவு உள்ளவர்களுக்கு ஒரு காகிதமாவது இருக்கிறது. வாய்மொழிக் குத்தகையில் இரண்டு மா, மூன்று மா (ஒரு மா சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) என்று பயிர் செய்பவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். உரம் வாங்கிய ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு எதுவாக இருந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அறுப்பு முடிந்து ராமநாதபுரத்திலிருந்து ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரிகள், தாரா (வாத்து) மேய்ப்பவர்கள், இவர்களும் அந்த நிலத்தைப் பயன்படுத்துகிறவர்கள்தான். கணக்கெடுப்பு நடக்கும் மாதத்தில் அவர்கள் ஊரில் இல்லாவிட்டால் இல்லவே இல்லை என்று ஆகிவிடும். மாமா ஊரில் பெண்கள் எழுப்பிய விஷயம் வேறு: நடவுக்கும் களையெடுப்புக்கும் ரோட்டின் அந்தப் பக்கம் போக எங்கே கடப்பது? ஆண்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. அப்போதுதான் சுரங்கப்பாதை பற்றிய பேச்சே வந்தது. கூடவே அறுவடை மெஷின் விஷயமும் வந்தது. ஈர வயலுக்குப் பெல்ட் மெஷின்தான் வேண்டும், அதை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள். மெஷின் ஏற்றிய லாரி நுழையாத உயரத்தில் சுரங்கப்பாதை கட்டினால் சைக்கிளுக்கும் மாட்டுக்கும்தான் அது உதவும்.

துண்டுபட்ட நிலத்தை விட்டுவிடாதீர்கள். ரோடு கோணலாக வெட்டிப் போன பிறகு மூலையில் முக்கோணமாக மிஞ்சுகிற பத்து சென்ட்டில் டிராக்டரைத் திருப்பக்கூட முடியாது. மிச்ச நிலம் துண்டுபட்டதால் வரும் சேதத்துக்கு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்திலும் 2013 சட்டத்திலும் இடம் இருக்கிறது. யாரும் தாமாகக் கொடுக்கமாட்டார்கள், புலப்படத்தில் வண்ணம் தீட்டி எழுதிக் கேட்க வேண்டும்.

வன நிலம் 'இல்லை' என்ற வரிக்கு வருகிறேன். ரோட்டு அகலத்துக்குள் காப்புக்காடு ஒரு சென்ட்கூட இல்லை, உண்மைதான். டெல்டாவில் காடு எல்லாம் தண்ணீரின் கடைசியில் இருக்கிறது. கோரையாறும் பாமணியாறும் போய்ச் சேரும் இடம் முத்துப்பேட்டை அலையாத்திக்காடு. மழைக்காலத்தில் ஆறுகளும் வடிகால்களும் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீர்தான் அந்தக் காயலின் உப்பைக் குறைக்கிறது. கோடையில் நன்னீர் வரத்து நின்றுபோய், உப்பு கடலைவிடக் கூடிவிடும். அதையும் தாங்கி நிற்கும் வெண்கண்டல் மரங்கள்தான் அங்கே பெரும்பான்மை. வடிகாலை இங்கே முப்பது கிலோமீட்டர் மேலே தடுத்தால் காட்டில் ஒரு மரத்தையும் வெட்டாமலே காட்டுக்குக் கெடுதல் செய்யலாம். அறிக்கை இதைத் தொலைவை வைத்துத்தான் பார்க்கிறது: திட்டத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர், ஆய்வு வட்டமான பத்து கிலோமீட்டருக்கு வெளியே, ஆகவே பாதிப்பில்லை. நாங்கள் எந்த வடிகால் எந்த ஆற்றில் விழுகிறது, அந்த ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு படம் போட்டுக் கொடுத்தோம். முத்துப்பேட்டை காட்டைப் பற்றிய பத்தி அதற்குப் பிறகுதான் அறிக்கைக்குள் வந்தது.

பறவைகளும் அப்படித்தான். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022-ல் ராம்சார் தலங்களாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டவை. சரணாலய எல்லையிலிருந்து ரோடு எவ்வளவு தூரம் என்று மட்டும் எழுதினால் போதாது. ஏரியில் கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரை இரை எடுப்பது சுற்றியுள்ள நெல்வயலில்தான். நத்தையும் நண்டும் வயலில். ஆக நன்செய் என்று ஒரு பத்தியில் கழித்த நிலமே பறவைக்கு மேய்ச்சல் நிலம். வயலையும் காட்டையும் வேறு வேறு அத்தியாயத்தில் எழுதுவதால் இது இரண்டிலும் விடுபட்டுப்போகிறது. ஆற்றுக்கரைத் தேக்கும் அதுபோல. சில இடங்களில் கரை நீர்வளத்துறையுடையது, மரம் வனத்துறை வைத்தது. இரண்டு துறைக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்டால்தான் முழுக் கணக்கு வரும். பொது இடத்து மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மண் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். டெல்டாக் களிமண் ரோட்டு மேட்டுக்கு ஆகாது. கிராவலும் கல்லும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். செங்கிப்பட்டி, வல்லம் மேட்டு நிலமோ புதுக்கோட்டைப் பக்கமோ எங்கோ ஓரிடத்தில் பள்ளம் விழும். நம் ஊர் அறிக்கையில் அந்த ஊரின் பெயர் இருக்காது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றி. வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகம் போன்ற இடங்களில் வைக்கப்படும். தமிழில் சுருக்கம் மட்டும்தான் கிடைக்கும், விஷயம் எல்லாம் ஆங்கில முழு அறிக்கையின் பின்னிணைப்புகளில். ஊரில் படித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் அத்தியாயம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்று குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது, ஆகவே புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் போவது என்று முடிவானது, அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அங்கே பேசுவது எல்லாம் வீடியோவில் பதிவாகும், கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நம் கருத்து விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். எழுப்பிய ஒவ்வொரு விஷயத்துக்கும் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். அதனால்தான் உணர்ச்சியாகப் பேசுவதைவிட சர்வே எண்ணோடு பேசுவது பலன் தரும். "எங்கள் வாழ்வாதாரம் போகும்" என்றால் "தகுந்த இழப்பீடு வழங்கப்படும்" என்று ஒரு வரி வரும். "இந்தச் சர்வே எண்ணில் உள்ள வடிகாலின் தூர்வாரிய அடிமட்டம் இவ்வளவு, உங்கள் கல்வெர்ட் மட்டம் இவ்வளவு" என்றால் யாராவது ஒரு பொறியாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் பதில் எழுத முடியும். மேடையில் பேசுவதை எழுத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதை மாறவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் அந்த எதிர்பார்ப்போடுதான் கேட்கிறார்கள். இரண்டு வடிகாலில் குழாய் போய்ப் பெட்டிக் கல்வெர்ட் வந்தது, மட்டமும் இறங்கியது. ஒரு சுரங்கப்பாதையின் உயரம் கூடியது. பின் வயல்களுக்கு ரோட்டோரமாகப் புதுப் பாசன வாய்க்கால் வெட்டித் தருவது அனுமதி நிபந்தனையில் சேர்ந்தது. மூன்றாவது வடிகாலில் குழாய்தான் போட்டார்கள். நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று திட்டக்காரர் ஒவ்வொரு வருடமும் ஜூன் 1-லும் டிசம்பர் 1-லும் அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். அதை வாங்கிப் படிக்க ஊரில் ஒரு பையனைப் பொறுப்பாக்கியிருக்கிறோம். மூன்றாவது கல்வெர்ட்டின் இரண்டு முகத்திலும் ஊர்க்காரர்கள் பெயிண்டில் அளவுகோல் வரைந்து வைத்திருக்கிறார்கள். மழை நாளில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படம் எடுத்தால் தண்ணீர் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று தெரியும். இந்த மழைக்காலத்துப் படங்கள் அடுத்த ஜூன் அறிக்கை எழுதுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.